மண்சரிவைத் தாண்டிய சாப்பாட்டுப் பெட்டிகள்

விடியும்போதே மழை வலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் கொட்டகையின் தகரக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு ஜாசிந்தா மலைப் பக்கமும் கடல் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் பெரிய இரும்புச் சட்டிகளில் வாத்துக் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"நீ முறைச்சுப் பாத்தா மழை பயந்து ஓடிருமா?" என்றாள் ருக்மின், சட்டியிலிருந்து கரண்டியை எடுக்காமலே. "வந்து வெங்காயத்த நறுக்கு. அழுறதுக்கு ஒரு காரணமாச்சும் கெடைக்கும்."

ஜாசிந்தா சிரிக்க முயன்றாள். வரவில்லை. அவளும் ருக்மினும் இதே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இப்போது இருவருடைய பெண்களும் இங்கேதான் படிக்கிறார்கள். ஜாசிந்தா வீட்டிலேயே சீருடை தைத்துக் கொடுக்கிறாள். அவள் கணவன் நடுக்கடலில் எண்ணெய்த் தளத்தில் வேலை செய்கிறவன்; மாதக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டான். பெற்றோர் சங்கத் தலைவி என்ற பதவியை அவள் தேடிப் போகவில்லை. கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்த நேரத்தில் இவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள், அவ்வளவுதான்.

லான்ஸ் வெர் என்கிற அந்த ஊர் டிரினிடாட் தீவின் வடக்குக் கரையில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. போக வர ஒரே சாலை. பள்ளிக்குப் பின்னாலிருந்த புதரைப் பெற்றோர்களே வெட்டித் திருத்தி, பிள்ளைகளுக்காகத் தோட்டம் போட்டிருந்தார்கள். காராமணி, பூசணி, கத்தரி, தக்காளி எல்லாம் விளைந்தன. ஆனால் வேலி இல்லாததால் பாதியை ஆடுகள் தின்றன; தண்ணீர்த் தொட்டி இல்லாததால் மீதியைக் கோடை தின்றது. தோட்டத்தை ஒட்டிய பழைய கோகோ கிடங்கில் பிள்ளைகள் ஸ்டீல்பான் பழகினார்கள். எண்ணெய்ப் பீப்பாயின் அடியைக் குழியாக அடித்துச் சுரம் கூட்டிச் செய்கிற அந்த மேளங்களை, கிராண்டே ஊர்ப் பான் குழு ஒன்று வேண்டாமென்று கழித்துக் கொடுத்திருந்தது. துருப்பிடித்தவை. எத்தனை முறை சுரம் கூட்டினாலும் அடுத்த வாரமே அபசுரம் பேசும். அப்படியும் பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போக மறுத்தார்கள்.

தலைநகரில் உள்ள ஓர் அறக்கட்டளை உதவ முன்வந்தது. வேலி, தொட்டி, புதுப் பான்கள், சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியர் என எல்லாவற்றுக்கும் ஆகிற செலவில் பாதியை ஊர் திரட்ட வேண்டும். மறுபாதியை அவர்கள் தருவார்கள். மாதக் கடைசிக்குள் ஊரின் பங்கு சேரவில்லை என்றால் உதவி வேறு பள்ளிக்குப் போய்விடும். கேக் விற்றார்கள், கார் கழுவினார்கள், பிங்கோ நடத்தினார்கள். மிச்சத்துக்குத்தான் கறிக்யூ என்கிற இந்தக் கறிச்சோற்று விற்பனை. முன்கூட்டியே சீட்டுக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர்கள் அன்று வந்து பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டிச் சோற்றை எடுத்துப் போவார்கள். ஊருக்குள் எல்லோரும் ஏற்கெனவே தங்களால் ஆனதைக் கொடுத்துவிட்டதால், பெரும்பாலான சீட்டுகள் வெளியூர்க்காரர்கள் கையில்தான் இருந்தன. அவர்கள் அந்த ஒரே சாலையில்தான் வர வேண்டும். மாதத்தின் கடைசி நாள் அன்றுதான்.

அறக்கட்டளையிலிருந்து மிஸ் ஒட்லி என்ற அதிகாரி மதியம் வருவதாக இருந்தது. ஜாசிந்தா அவளைக் குரலாக மட்டுமே அறிவாள். ஒருமுறை ஏதோ சந்தேகம் கேட்க ஃபோன் செய்தபோது, "அதெல்லாம் விதிமுறையிலயே இருக்கு, மிஸஸ் கெர்ரா," என்று அந்தக் குரல் கத்தரித்த மாதிரி சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதா, அவசரத்தில் சொன்னதா என்று ஜாசிந்தா பல நாள் யோசித்தாள். அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு அவள் ஃபோன் செய்யவே இல்லை. எதையாவது கேட்கப் போய், 'இவங்களால முடியாது போல' என்று அவர்கள் நினைத்துவிட்டால்?

ரொட்டிக்கு மாவு பிசைந்து முடிந்த நேரத்தில் பாய்ஸ் நனைந்துகொண்டே ஓடி வந்தான். மீன்பிடிப் படகில் வேலை செய்கிறவன். ஊரெல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வளைவில் மலை இறங்கிச் சாலையை மூடிவிட்டது என்றான். ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் வண்டி போகாது.

தலைமையாசிரியர் அலெய்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்றைக்கு நிறுத்திவிடலாம், ஊருக்குள் இருப்பவர்களுக்கு விற்கிற மட்டும் விற்போம், அறக்கட்டளைக்கு ஃபோன் செய்து நிலைமையைச் சொல்லிவிடுங்கள் என்று ஜாசிந்தாவிடம் சொன்னார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

லான்ஸ் வெரில் ஃபோனுக்குச் சிக்னல் எடுக்கிற இடம் ஒன்றுதான், தேவாலயத்தின் மேல்படி. ஜாசிந்தா குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே ஏறினாள். மழை பெய்தால் பெரும்பாலும் அங்கும் எடுக்காது. அன்று எடுத்தது. திரையில் கோடுகள் தெரிந்தன. மிஸ் ஒட்லியின் எண்ணைத் தேடி எடுத்தாள். விரல் அதன்மேல் நின்றது.

என்ன சொல்வது? மழை, மண்சரிவு, முடியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள். 'அதெல்லாம் விதிமுறையிலயே இருக்கு, மிஸஸ் கெர்ரா.' இப்போது கேட்டால் இப்போதே மறுப்பு வந்துவிடும். கேட்காமல் இருந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் ஒரு வழி இருக்கிறது. ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

"லைன் கெடைக்கல," என்றாள்.

யாரும் சந்தேகப்படவில்லை. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பெட்டிகளைக் கட்டி முடித்தார்கள். ருக்மினின் கணவன் தியோ தன் பிக்கப் வண்டியில் அவற்றை ஏற்றினான். சரிவு எப்படி இருக்கிறது என்று போய்த்தான் பார்ப்போமே என்று அவன் சொன்னது ஜாசிந்தாவுக்குத் தெம்பாக இருந்தது. தியோநாராயணன் என்பது முழுப் பெயர். அவன் அம்மாவைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மீன்பிடிக்கிறவன், வாய் ஓயாதவன். எந்தக் கூட்டத்திலும் கடைசியில் நின்றுகொண்டு எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். வேலை என்று வந்தால் முதலில் நிற்பான். தோட்டத்துப் புதரை வெட்டியதில் பாதி அவன் கைவேலை.

கொட்டகையில் இருந்தவர்களில் பலரும் கூடவே வளைவுக்குப் போனார்கள். அங்கே செம்மண் சாலையின் குறுக்கே வயிறு தள்ளிப் படுத்திருந்தது. வேரோடு பிடுங்கிய மரங்கள், பாறைகள், மூங்கில் புதர் எல்லாம் அதற்குள் செருகியிருந்தன. ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கம் சரிந்து கடலுக்கு இறங்கும் காடு. அந்தப் பக்கத்தில் கார்கள் வரிசையாக நின்றன. சீட்டு வாங்கியவர்கள்தான். மழை கொஞ்சம் விட்டிருந்ததால் வெளியே இறங்கி நின்று கையாட்டினார்கள். வாத்து வெந்திருச்சா என்று ஒருவன் கத்திக் கேட்டான். தியோ பதிலுக்கு, வாத்து வெந்து நீந்தி வந்துகிட்டிருக்கு என்று கத்தினான்.

சரிவைத் தாண்டும்படி கேட்டவள் ஜாசிந்தாதான். பிறகு எத்தனையோ முறை அவள் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தியோ தானாக முன்வரவில்லை. யாரும் யோசனை சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள்.

"தியோ, அதத் தாண்டிப் போக முடியுமா?"

தியோ சரிவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "படகுல போறவனுக்கு இது ஒரு அலை மாதிரிதான்," என்றான். "என்ன, இது கொஞ்சம் அழுக்கு அலை."

ருக்மினும் சரிவைப் பார்த்தாள். பிறகு ஜாசிந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "போகட்டும். வீட்டுல இருந்தாலும் கூரை மேல ஏறித்தான் நிப்பாரு," என்றாள்.

அலெய்ன் சார் வேண்டாம் என்றார். மண் இன்னும் ஈரமாக இருக்கிறது, அசையும் என்றார். ஜாசிந்தா அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டாள். பிள்ளைகள் வருடம் முழுக்க உழைத்தது வீணாகப் போனால் நாளைக்கு அவர்கள் முகத்தை நீங்களா பார்ப்பீர்கள் என்று கேட்டாள். அவர் விலகி நின்றார்.

தியோவும் பாய்ஸும் மீன் கூடைகளில் பெட்டிகளை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். முழங்கால் வரை புதைந்தார்கள். மரங்களைப் பிடித்து, பாறையில் கால் வைத்து, ஊர்ந்து போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பக்கம் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது தியோவின் கழுத்தில் பிளாஸ்டிக் பை ஒன்று கட்டியிருந்தது, அதில் பணம். இன்னொரு சேதியும் கொண்டு வந்தான்.

"ஒன்னோட மிஸ் ஒட்லி அங்கதான் நிக்கிறாங்க, ஜாசி. நீலக் காரு, வரிசையோட கடைசியில. செருப்பெல்லாம் சேறு. நான் ஒரு பெட்டி குடுத்தேன், நின்னுகிட்டே சாப்புட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"காரம் தூக்கலா இருக்குன்னாங்க."

மிஸ் ஒட்லி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளைப் பான்களோடு பாலத்துக்குக் கொண்டு வந்து வாசிக்கச் சொன்னால் அவள் காதில் விழுமே என்று ஜாசிந்தாவுக்குத் தோன்றியது. அலெய்ன் சார் இந்த முறை அசையவில்லை. பிள்ளைகள் ஒருவரும் பள்ளியை விட்டு வரக்கூடாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். சரி, மீதிப் பெட்டிகளாவது போய்ச் சேரட்டும் என்று அவள் கூடைகளை நிரப்பினாள். மழை திரும்பத் தூறத் தொடங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை நடுவில் போய்க்கொண்டிருந்தபோது மலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. கனத்த சாமானைத் தரையில் இழுக்கிற மாதிரி. பின்னால் வந்த பாய்ஸ் கூடையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாய்ந்தான். மூங்கில் புதர் ஒன்று நின்ற நிலையிலேயே நகர்ந்து வந்தது. அதன் பின்னால் மண் வந்தது. சத்தம் ஓய்ந்தபோது பாய்ஸ் சாலையில் கவிழ்ந்து கிடந்தான். தியோ நின்ற இடத்தில் தியோ இல்லை.

ருக்மின் கத்தவில்லை. அதுதான் ஜாசிந்தாவை நடுங்க வைத்தது. அவள் விளிம்பு வரைக்கும் நடந்து போய், வீட்டுக்குள்ளிருந்து கொல்லையில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரலில், "தியோ," என்று கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள். ஆண்கள் கையால் மண்ணைப் பறிக்க இறங்கினார்கள். அலெய்ன் சார் வண்டியிலிருந்த கயிற்றை ஒவ்வொருவர் இடுப்பிலும் கட்டிவிட்டு, மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஜாசிந்தாவும் பறித்தாள். நகக்கண்ணில் கல் ஏறியது. சோற்றுப் பெட்டிகள் உடைந்து, மண்ணில் மஞ்சளாகக் கறி கிடந்தது. அவளுக்குக் கடவுள் நினைவே வரவில்லை. தேவாலயத்தின் மேல்படிதான் நினைவில் இருந்தது. திரையில் தெரிந்த கோடுகள். அந்த எண்.

எவ்வளவு நேரம் என்று பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். அந்தப் பக்கத்திலிருந்துதான் முதலில் சத்தம் வந்தது. ஒரு பெண் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். ஆள் கீழே இருக்கிறான், கடல் பக்கம், மரத்தில், உயிரோடு இருக்கிறான்.

மண் அவனைச் சாலைக்குக் கீழே தள்ளிக்கொண்டு போய் ஒரு பாதாம் மரத்தில் முட்ட வைத்திருந்தது. இடுப்புவரை புதைந்திருந்தான். காலொன்று உடைந்திருந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் கார் இழுக்கிற கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கித் தோண்டி எடுத்தார்கள். மேலே தூக்கி வந்து படுக்க வைத்தபோது அவன் ஒரு கையை உயர்த்தி இந்தப் பக்கம் காட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் ருக்மின் உட்கார்ந்தாள். சாலையில், சேற்றில், அப்படியே.

வரிசையின் கடைசியில் நின்ற கார் ஒன்றுதான் உடனே திரும்ப முடியும். நீலக் கார். தியோவை அதன் பின்சீட்டில் கிடத்தினார்கள். கார் வளைவில் மறைந்தது. ருக்மினால் கூடப் போக முடியவில்லை. சரிவைத் தாண்ட ஒருவரும் அவளை விடவில்லை. கடலும் படகு இறக்குகிற நிலையில் இல்லை. ஜாசிந்தா அவள் பக்கத்தில் குந்தித் தோளில் கை வைத்தாள்.

"கைய எடு," என்றாள் ருக்மின், மெதுவாக.

மறுநாள் மண்ணள்ளும் இயந்திரம் வந்து ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி திறந்தது. அலெய்ன் சாரின் காரில் ருக்மினும் ஜாசிந்தாவும் கிராண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தியோவுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். அவன் கட்டிலின் பக்கத்து நாற்காலியில், கடன் வாங்கிய ரப்பர் செருப்போடு, ஜாசிந்தாவைவிட இளையவளான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் அது யாரென்று ஜாசிந்தாவுக்குத் தெரிந்தது. அந்தக் குரல் நேரில் அவ்வளவு கூர்மையாக இல்லை. இடையிடையே திக்கியது. திக்கல் வந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் ஃபோனில் வார்த்தைகளைச் சுருக்கிப் பேசுகிறாள் போல.

ருக்மின் கணவனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மிஸ் ஒட்லி எழுந்து இடம் விட்டாள். பிறகு ஜாசிந்தாவிடம் திரும்பி, கோபமாக இல்லை, புரியாமல் கேட்டாள்.

"ஏன் ஒரு ஃபோன் பண்ணல, மிஸஸ் கெர்ரா? மழை, வெள்ளம்னா நாங்க தேதிய தள்ளி வைப்போம். எப்பவும் வைக்கிறதுதான். நீங்க கேட்டிருந்தா போதும்."

"அதான் முயற்சி பண்ணாளே, மிஸ்," என்றான் தியோ, மருந்து மயக்கத்தில் நாக்குக் குழற. "தேவாலயத்துப் படிக்குப் போனா. லைன் கெடைக்கல. எங்க ஊர்ல மழைன்னா அப்புடித்தான்."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையசைத்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஜாசிந்தா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ருக்மின் கணவனுக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"லைன் இருந்துச்சு," என்றாள் ஜாசிந்தா. "நான் பண்ணல. மாட்டேன்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு. எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

தியோ கண்ணை மூடித் திறந்தான். மிஸ் ஒட்லி தரையைப் பார்த்தாள். போர்வையை இழுத்த ருக்மினின் கை நின்றது. பிறகு மீதியையும் ஒழுங்காக இழுத்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, அவள் வெளியே போனாள். ஜாசிந்தா பின்னாலேயே போனாள். நடைவழியில் ஜன்னலோரம் நின்ற ருக்மின் திரும்பாமலே பேசினாள்.

"அந்த மண்ணப் பாத்தப்ப எனக்கும் பயம். ஆனா ஒன் மூஞ்சியப் பாத்தேன். வேற வழியே இல்லாதவ மாதிரி நின்ன. அதான் போகட்டும்னேன்." கொஞ்ச நேரம் கழித்து, "வழி ஒன் பையிலயே இருந்திருக்கு," என்றாள்.

ஜாசிந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ருக்மின் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கு நல்லதாகத்தான் நடந்தது. அறக்கட்டளை கெடுவை நீட்டியது. மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு கறிக்யூ நடத்தினார்கள். வேறொருத்தி தலைவியாக நின்று நடத்தினாள். சரிவுக் கதை கிராண்டே முழுக்கப் பரவியிருந்ததால் சீட்டுகள் போதாமல் போயின. ஜாசிந்தா சங்கத்தைக் கூட்டி, படியில் நடந்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் பதவியை விட்டிருந்தாள். சிலர் ஆறுதல் சொன்னார்கள். சிலர் அவளிடம் சீருடை தைக்கக் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

தியோ பல மாதம் கடலுக்குப் போகவில்லை. அவன் வீட்டுக்குப் பள்ளித் தோட்டத்திலிருந்து காய்கறி போயிற்று. பாய்ஸ் தன் பங்கு மீனில் பாதியைக் கொண்டுபோய் வைத்தான். ஜாசிந்தா சமைத்து எடுத்துக்கொண்டு போன பாத்திரத்தை ருக்மின் வாங்கிக்கொண்டாள். கழுவி, மகளிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். தான் மட்டும் வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். ஜாசிந்தாவுக்குத் தூக்கம் கெட்டது. தையல் எந்திரத்தில் உட்கார்ந்தால் தையல் கோணிப் போனது. தியோ மட்டும் கோலை ஊன்றிக்கொண்டு கடைக்குப் போகும்போதெல்லாம் இவள் வாசலில் நின்று எதையாவது சொல்லிச் சீண்டிவிட்டுப் போவான். அவன் சீண்டும்போது அவளுக்கு அழுகைதான் முட்டியது.

புதுப் பான்கள் ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் வந்து சேர்ந்தன. தோட்டத்தில் வேலி நின்றது, தொட்டி நிறைந்திருந்தது. கோகோ கிடங்கில் பிள்ளைகள் முதல் தடவையாக ஊருக்கு வாசித்துக் காட்டினார்கள். ஊரே வந்திருந்தது. தியோ முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜாசிந்தா கடைசி பெஞ்சில், சுவரோரம், தனியாக உட்கார்ந்தாள். மிஸ் ஒட்லி நாலு வார்த்தை திக்கித் திக்கிப் பேசிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குத்தான் எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். பிறகு வாசிப்பு தொடங்கியது. சுத்தமான சுரம். அந்தக் கிடங்கில் இதுவரை யாரும் கேட்டிராத சுத்தம். ஜாசிந்தா தன் மகளின் கையைப் பார்த்தாள். குச்சிகள் பறந்தன. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இன்னும் எதையோ எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில் பெஞ்சு அசைந்தது. ருக்மின் வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் உட்காருகிற இடைவெளி இருந்தது. அவள் நேரே பார்த்தபடி இருந்தாள்.

"ஓரத்துல நிக்கிறவன் தாளத்த விடுறான்," என்றாள்.

பதில் சொன்னால் இந்த ஒரு வரியும் கெட்டுவிடுமோ என்று ஜாசிந்தா பயந்தாள். பிறகு சொன்னாள்.

"பாய்ஸ் மவன். அவங்க அப்பன் துடுப்பு போடுறதும் அப்புடித்தான்."

ருக்மின் சிரிக்கவில்லை. எழுந்தும் போகவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் இருவரும் அந்த ஓரத்துப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.